குழுவாகச் சேர்ந்து கதை எழுத முடியுமா?

‘ஐந்து ஐந்து பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக ஒரு சிறுகதை, நாலு பக்கத்துக்குள். திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும்.’

தமிழ் வகுப்பில் இப்படி ஒரு வேலை கொடுத்தால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து கதை முழுவதையும் எழுதுவாள். ஒருவன் அட்டைப்படம் வரைவான். ஒருத்தி வாட்ஸ்அப்பில் ‘சூப்பர்’ போடுவாள். மீதி இரண்டு பேருக்கும் பெயர் வந்தால் போதும். ஐவருக்கும் ஒரே மதிப்பெண். எழுதிய பெண்ணின் வீட்டில் கோபம். ஆசிரியருக்கோ ஐம்பது கதைக்குப் பதிலாகப் பத்துக் கதை திருத்தினால் போதும் என்ற நிம்மதி.

பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் வேலையைக் கொடுத்த விதத்திலேயே கோளாறு இருக்கிறது. ‘சேர்ந்து எழுதுங்கள்’ என்ற சொல்லுக்குள் வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று சொல்லாமல் விட்டால், இருப்பதிலேயே சுலபமான வழியில் குழு இறங்கிவிடும். யாரோ ஒருவர் எழுதுவார் என்பதுதான் அந்த வழி.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

1. தொடர் முறை. ஒருவர் எழுதி நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வது. வகுப்பில் விளையாட்டாகச் செய்வது இதைத்தான்.

2. பங்கு முறை. கதை முன்பே முடிவாகியிருக்கும். தொடக்கம் உனக்கு, நடு எனக்கு, முடிவு அவளுக்கு என்று பிரித்து எழுதி, பிறகு ஒட்டுவது.

3. கூட்டு முறை. எந்த வரி யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, பேசி, எழுதி, அடித்து, மாற்றி ஒரே பிரதியாக ஆக்குவது.

ஆசிரியர் மனதில் இருப்பது அநேகமாக மூன்றாவது. மாணவர்கள் செய்வது இரண்டாவது, அல்லது மூன்றிலும் சேராமல் ஒருவரே எழுதி முடிப்பது. மூன்றுக்கும் தேவைப்படும் நேரம் வேறு, வரும் சிக்கல் வேறு, மதிப்பிடும் முறையும் வேறு.

கட்டு இருந்தால்தான் தொடர் நிற்கும்

தொடர் முறைக்குத் தமிழில் பழைய உதாரணம் உண்டு. ஒருவர் முடவர், மற்றவர் பார்வையற்றவர். இரட்டைப் புலவர்கள் என்று பெயர். தில்லைக் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா போன்றவை இவர்கள் பாடியவை. ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிப்பார் என்பது இவர்களைப் பற்றி வழங்கிவரும் செய்தி. குளத்தில் துவைத்த துணி நழுவிப் போகிறது. ஒருவர் ‘தப்புதல்’ என்ற சொல்லை, துவைப்பது, நழுவிப்போவது என்ற இரு பொருளிலும் வைத்து நிறுத்துகிறார். மற்றவர் துணிக்கான ‘கலிங்கம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சொக்கலிங்கத்தில் போய் முடிக்கிறார். முதலாமவர் என்ன விளையாட்டு ஆடினார் என்பது இரண்டாமவருக்குப் புரிந்ததால்தான் அது ஒரே பாட்டாக நிற்கிறது. அதைவிட முக்கியம், வெண்பா என்ற கட்டு. எத்தனை அடி, என்ன தளை, எங்கே எதுகை என்பதெல்லாம் இருவருக்கும் முன்கூட்டியே தெரியும்.

1925 வாக்கில் பாரிஸில், கனவையும் தற்செயலையும் கலையாக்க முயன்ற சர்ரியலிசக் கலைஞர்கள் ஆடிய காகித விளையாட்டிலும் ஒரு கட்டு இருந்தது. முன்னால் எழுதியவர் தாளை மடித்து மறைத்துவிடுவார். அடுத்தவர் பார்க்காமலே எழுத வேண்டும். ஆனால் எந்த இடத்தில் பெயர்ச்சொல், எந்த இடத்தில் வினை என்ற வாக்கிய அமைப்பு முன்பே முடிவானது. வாக்கியம் விசித்திரமாக வரும், ஆனாலும் வாக்கியமாகத்தான் வரும்.

1931இல் லண்டன் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தினர் ஆளுக்கொரு அத்தியாயமாக ஒரு நாவலை எழுதினார்கள். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் எல்லாம் அதில் உண்டு. வாய்க்கு வந்த மர்மத்தைக் கிளப்பிவிட்டு அடுத்தவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் மனதில் உள்ள தீர்வையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படியும் கடைசி அத்தியாயத்தை எழுதிய ஆன்டனி பெர்க்லி அதற்கு வைத்த தலைப்பு, ‘குப்பையைக் கூட்டுதல்’ என்ற பொருளில் இருந்தது. கைதேர்ந்த எழுத்தாளர்களுக்கே இந்த நிலை என்றால் எட்டாம் வகுப்பைக் கேட்க வேண்டுமா?

கட்டே இல்லாமல் விட்டதற்கும் உதாரணம் உண்டு. 2007இல் பெங்குயின் பதிப்பகமும் இங்கிலாந்தின் டி மோன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து இணையத்தில் ஒரு நாவலைத் திறந்து வைத்தன. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் மாற்றலாம். ஐந்து வாரம் நடந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பதும், கதையின் ஊடே சம்பந்தமில்லாமல் வாழைப்பழங்களைப் புகுத்துவதுமாகப் போயிற்று. ஆராய்ச்சிக்கு நல்ல பொருள் கிடைத்தது. நாவல் என்று சொல்லக்கூடியது கிடைக்கவில்லை.

செய்யுளுக்கு யாப்பு இருக்கிறது. சிறுகதைக்கு அப்படி ஆயத்தமான சட்டகம் கிடையாது. ஆகவே குழு முதலில் எழுத வேண்டியது கதையை அல்ல, தனக்கான விதிகளை.

ஊர் கூடி இழுத்த கணக்கு

‘நாலு பேர் சேர்ந்தால் நாலு மடங்கு யோசனை வரும்’ என்பது குழு வேலைகளின் அடிப்படை நம்பிக்கை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாமும் பெருமையாகச் சொல்கிறோம். இழுப்பதை அளந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். மேக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1913இல் வெளியான அவருடைய கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது வெளிப்படும் பலம், அந்த எட்டுப் பேரின் தனித்தனிப் பலத்தைக் கூட்டினால் வருவதில் ஏறக்குறைய பாதிதான். எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். கூட்டத்தில் கொஞ்சம் கையைத் தளர்த்துவது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை 1979இல் அமெரிக்க உளவியலாளர்கள் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்தார்கள். தன்னோடு மற்றவர்களும் கத்துகிறார்கள் என்று நம்பினாலே போதும், சத்தம் குறைந்துவிடுகிறது. இதைச் சமூகச் சோம்பல் என்று சொல்லலாம். ஒருவர் சோம்பேறியா இல்லையா என்பதற்கும் இதற்கும் அதிக சம்பந்தமில்லை. தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில் யாருக்கும் கை தளரும்.

யோசனைகளின் விஷயமும் இப்படித்தான். கூடி உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் சொல்லும் முறையை 1950களில் பிரபலமாக்கியவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நாலு பேர் கூடிப் பேசியதில் வந்த யோசனைகளைவிட, நாலு பேர் தனித்தனியாக உட்கார்ந்து எழுதியவற்றைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரு மடங்கு வந்தது. ஏன் என்பதற்கான தெளிவான பதில் 1987இல் டீல், ஷ்ட்ரோபே என்ற இருவரின் ஆய்வில் கிடைத்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுந்ததாகத் தோன்றாமல் போகிறது. உரக்கப் பேசும் ஒரு பையன் குழுவில் இருந்தால், அவனுடைய முதல் யோசனையே குழுவின் கதையாகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

சரி, கற்பனையில் குழு மந்தம், உழைப்பில் குழு தளர்வு. பிறகு எதற்காகக் குழுவாக எழுத வேண்டும்?

வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருப்பது

தனியாக எழுதுபவர் பல முடிவுகளைத் தனக்கே தெரியாமல் எடுத்துவிடுகிறார். குழுவில் அந்த முடிவுகளை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், ‘ஏன்?’ என்று யாராவது கேட்டால் பதிலும் வேண்டும். குழு எழுத்தின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். குழு பிடித்த கரு இது: ‘பாட்டியின் கைரேகையை ரேஷன் கடை மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை.’

முதல் கேள்வி, கதையை யார் சொல்வது?

பாட்டி சொன்னால், அந்தக் கோடுகள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். பீடி சுற்றியதில் போயிருக்கலாம், சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்ததில் போயிருக்கலாம். மெஷின்தான் அவளுக்குப் புதிர். பேரன் சொன்னால் தலைகீழ். மெஷின் அவனுக்குப் பழகிய பொருள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பதுதான் அவமானம். விரலின் வரலாறு அவனுக்குத் தெரியாது, கதைக்குள்தான் தெரியவர வேண்டும். விற்பனையாளர் சொன்னால் கதையே வேறு. தேய்ந்த விரல்களைத் தினமும் பார்ப்பவர் அவர். இருப்புக் கணக்கு அவர் கழுத்தில் தொங்குகிறது.

எழுதுபவன் பள்ளிக்கூடப் பையன் என்பதால், தனியாக எழுதினால் கை தானாகப் பேரனிடம் போகும். குழுவில் ஒருத்தி ‘ஏன் பேரன்?’ என்று கேட்கிறாள். அப்போதுதான் நோக்குநிலை என்று பாடத்தில் படித்த சொல்லுக்கு உயிர் வருகிறது. யார் சொல்கிறார் என்பது, எது தெரியும் எது மறைந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் பாடமாக நடத்தினால் மண்டையில் ஏறாது. சண்டை போட்டால் ஏறும்.

இரண்டாவது கேள்வி, விற்பனையாளர் கெட்டவரா? முதல் வரைவில் எப்போதும் கெட்டவராகத்தான் இருப்பார், மீசையும் உண்டு. குழுவில் ஒருவனுடைய அப்பா ரேஷன் கடையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அவன் சும்மா இருக்க மாட்டான். அந்த ஒரு ஆட்சேபத்தில் கதையின் வில்லன் காணாமல் போகிறான். வில்லன் போனால் கதை சுலபமாக முடியாது. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, முடிவு. கலெக்டர் திடீரென்று வந்து பாட்டிக்கு அரிசி வாங்கிக் கொடுக்கிறார் என்று ஒருவன் சொல்வான். ‘எங்க ஊரு ரேஷன் கடைக்கு கலெக்டர் என்னிக்குடா வந்தாரு?’ என்று இன்னொருவன் சிரிப்பான். பாட்டி விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைப்பதோடு நிறுத்திவிடலாம் என்பாள் மூன்றாமவள். எது சரி என்பதைவிட, கதை என்ன சொல்ல வருகிறது என்ற கேள்வி அந்த இடத்தில் எழுந்ததுதான் பெரிது.

திரைப்படத் துறையில் இதை ‘ஸ்டோரி டிஸ்கஷன்’ என்பார்கள். இயக்குநரும் உதவி இயக்குநர்களும் அறை போட்டு உட்கார்ந்து காட்சி காட்சியாக உடைத்துப் பேசுவது. அங்கே ஒரு வசதி உண்டு: எவ்வளவு வாதம் நடந்தாலும் கடைசிச் சொல் இயக்குநருடையது. மாணவர் குழுவில் அப்படி யாரும் கிடையாது. அதனால்தான் முடிவெடுக்கும் முறையை முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அப்பத்தாவா, ஆச்சியா?

பங்கு பிரித்து எழுதிய கதையை முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் பக்கத்தில் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கும். மூன்றாம் பக்கத்தில் விளக்கில்லாமல் ஊசியில் நூல் கோப்பாள். இந்த வகைத் தவறைப் பிடிப்பது சுலபம். சினிமாவில் ‘கன்டினியூட்டி’ பார்ப்பதுபோல ஒரு தாளில் வயது, ஊர், நாள், நேரம், உடல்நிலை என்று எழுதி நடுவில் வைத்துக்கொண்டால் போதும்.

குரல் ஒன்றாக இருப்பதுதான் கடினம். தமிழில் இது இன்னும் கடினம், ஏனென்றால் நமக்கு எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்குகள் பல. மதுரைப் பக்கத்துப் பையன் ‘அப்பத்தா’ என்று எழுதுவான், திருநெல்வேலிப் பெண் ‘ஆச்சி’ என்பாள், கோயம்புத்தூர்ப் பக்கம் ‘அம்மாயி’ வரும், யாழ்ப்பாணப் பிள்ளை ‘அம்மம்மா’ என்பான். இவை ஒரே ஆளைக் குறிப்பவையும் அல்ல: அப்பத்தா அப்பாவின் அம்மா, அம்மாயியும் அம்மம்மாவும் அம்மாவின் அம்மா. சொல்லை மாற்றினால் பேரன் யார் வீட்டில் வளர்கிறான் என்பதே மாறிவிடும். ஆகவே கதை எந்த ஊரில் நடக்கிறது, பாட்டி எந்த வழிப் பாட்டி, கதைசொல்லி எழுத்து வழக்கில் பேசுகிறானா பேச்சு வழக்கிலா, ‘வந்தாள்’ என்று இறந்தகாலத்தில் போகிறதா ‘வருகிறாள்’ என்றா என்ற நாலும் முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவாக வேண்டும்.

ஒரே குரலில் எழுதவே முடியாது என்பதில்லை. சுபா என்ற பெயரில் நாவல்கள் எழுதியவர்கள் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். வாசகர்களுக்கு அது ஒரே எழுத்தாளர். பெரிய குழுவுக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 1987-88 கல்வியாண்டில் நாவலாசிரியர் கென் கீசி, 13 மாணவர்களோடு சேர்ந்து ஒரு முழு நாவலை எழுதினார். வகுப்பிலேயே எழுதுவது, எழுதியதை அங்கேயே உரக்க வாசிப்பது என்று நடந்த வேலை அது. நூல் அச்சிலும் வந்தது. ஆசிரியர் பெயராக ‘ஓ.யு. லெவோன்’ என்று போட்டார்கள். அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘நாவல், யு.ஓ.’ என்று வரும், யு.ஓ. என்பது பல்கலைக்கழகத்தின் சுருக்கம். ஆனால் அது ஒரு கல்வியாண்டு எடுத்த வேலை, மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தவர் தேர்ந்த நாவலாசிரியர். ஒரு வார இறுதியில் வாட்ஸ்அப் வழியாக அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எந்த வேலை தனியாக, எந்த வேலை கூடி?

மேலே பார்த்த ஆய்வுகளும் அனுபவங்களும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. கற்பனை செய்வதும் வாக்கியம் எழுதுவதும் தனியாகச் செய்ய வேண்டியவை. தேர்ந்தெடுப்பது, கேள்வி கேட்பது, திருத்துவது ஆகியவை கூடிச் செய்ய வேண்டியவை. இதை வகுப்பு நேரத்தில் இப்படி அமைக்கலாம்:

1. குழுவில் மூன்று அல்லது நாலு பேர் மட்டும். ஐந்தாவது ஆள் வந்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

2. முதல் பத்து நிமிடம் பேச்சே கூடாது. ஒவ்வொருவரும் மூன்று கரு, ஒரு கருவுக்கு மூன்று வரி.

3. பிறகு எல்லாவற்றையும் வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒருவருடைய பாத்திரத்தை இன்னொருவருடைய நிகழ்ச்சியில் போட்டுப் பார்க்கலாம். ஓட்டெடுப்பு கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஓட்டு வந்துவிட்டால் வாதம் நின்றுவிடும்.

4. விதித்தாள்: யார் சொல்வது, எந்த ஊர், எந்தக் காலம், எத்தனை நாள் நடக்கும் கதை, என்ன வழக்கு.

5. தொடக்கப் பத்தியை எல்லாரும் தனித்தனியாக எழுதுவது. பங்கு பிரிப்பதற்கு மாற்று இதுதான். நாலு தொடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே விஷயத்தை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். எது நின்றதோ அதன் குரல்தான் கதையின் குரல்.

6. மீதியைப் பிரித்து எழுதலாம். ஆனால் முழுக் கதையையும் கடைசியில் ஒரே கை ஒருமுறை எழுத வேண்டும். மற்றவர்கள் கேட்க, அதை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

இதற்கு மூன்று, நாலு வகுப்புகளாவது வேண்டும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் தனித்தனியாகவே எழுதச் சொல்லிவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரே மதிப்பெண் ஏன் உறுத்துகிறது?

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு. குழுக் கதை போன்றவை இந்த வாசல் வழியாகத்தான் மதிப்பெண்ணுக்குள் வருகின்றன. வளரறி என்ற சொல்லின் பொருளே கற்றுக்கொண்டிருக்கும்போது கவனிப்பது என்பதுதான். முடிந்த கதையை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டால், பெயர் வளரறி, நடப்பது தொகுத்தறி.

கை தளருவதற்குக் காரணம் பங்கு தெரியாமல் போவது என்று பார்த்தோம். மருந்தும் அங்கேயே இருக்கிறது. அந்த மூன்று வரிக் கருவும் தொடக்கப் பத்தியும் ஒவ்வொருவர் கையெழுத்திலும் இருக்கின்றன. அவற்றைக் கதையோடு சேர்த்து வாங்கி, அவற்றுக்குத் தனி மதிப்பெண், கதைக்குப் பொது மதிப்பெண் என்று வைக்கலாம். கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாற்றில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தெரியும். ஆனால் தட்டச்சு செய்தவர்தான் யோசித்தவர் என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஏஐ பற்றிய கேள்வியும் இதோடு வருகிறது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து நாலு பக்கக் கதை கிடைப்பது பிரச்சினையே இல்லை. விற்பனையாளருக்காக வாதாடிய பையனும், கலெக்டரைக் கேட்டுச் சிரித்தவனும் அதில் இருக்க மாட்டார்கள். கதையை மட்டும் வாங்கும் ஆசிரியருக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. கையெழுத்துத் தாள்களையும் சேர்த்து வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.

கதை யாருடையது?

குழுவின் கதை நன்றாக வந்து, பள்ளி ஆண்டு மலருக்கோ, பள்ளிக்கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ போன்ற ஓர் இதழுக்கோ போகிறது என்றால் இந்தக் கேள்வி வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து படைத்து, ஒருவருடைய பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து பிரிக்க முடியாமல் இருந்தால் அது கூட்டுப் படைப்பு. ஆரம்பத்தில் சொன்ன மூன்று வகைகள் இங்கே மறுபடியும் வருகின்றன. மூன்றாவது முறையில் எழுதியது இந்த வரையறைக்குள் அப்படியே பொருந்தும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் போட்டு எழுதியது பொருந்தாது. அங்கே அவரவர் அத்தியாயம் அவரவருடையது.

மாணவர்கள் பள்ளியின் ஊழியர்கள் அல்ல. ஆகவே ஊழியர் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற விதி அவர்களுக்குப் பொருந்தாது. முதல் உரிமை எழுதியவர்களுக்கே. வெளியிடுவதற்கு முன் எல்லாருடைய சம்மதத்தையும், அவர்கள் சிறுவர்கள் என்பதால் பெற்றோரின் சம்மதத்தையும் வாங்கிக்கொள்வது நல்லது. பெயர்களை அகர வரிசையில் போட்டுவிட்டால் ஒரு சண்டை மிச்சம். உரிமைக் காலத்தையும் சட்டம் சொல்கிறது. கூட்டுப் படைப்பில், எழுதியவர்களில் கடைசியாக இருப்பவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நாலு பேர் எழுதிய ரேஷன் கடைக் கதை, அவர்களில் ஒருவர் தொண்ணூறு வயது வரை இருந்தால், இன்னும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாலு குடும்பங்களுக்கும் உரியது.